ரத்தப் பை முதல் ரப்பர் வாத்து வரை: தாலேட்டின் கதை

மொட்டை மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் தண்ணீர் பைப், பிவிசி. ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றும் டியூபும் பிவிசிதான். ஒன்று கட்டை மாதிரி இருக்கிறது, இன்னொன்று ரப்பர் மாதிரி வளைகிறது. ஒரே பொருள் எப்படி இரண்டு விதமாக இருக்க முடியும்?

பதில், பிளாஸ்டிசைசர். அதாவது பிளாஸ்டிக்கை இளக வைக்கும் எண்ணெய் போன்ற ரசாயனம். 1926இல் அமெரிக்காவின் குட்ரிச் கம்பெனியில் வேலை பார்த்த வால்டோ செமன், உலோகத்தோடு ரப்பரை ஒட்டவைக்க ஒரு பசை தேடிக்கொண்டிருந்தார். பசை கிடைக்கவில்லை, வளையும் பிவிசி கிடைத்தது! பின்னாளில் இந்த வேலைக்கு அதிகம் பயன்பட்டவை தாலேட் என்ற வகை ரசாயனங்கள். அவற்றில் பெயர்பெற்றது டிஇஎச்பி.

இதில் ஒரு சிக்கல் உண்டு. தாலேட் பிளாஸ்டிக்கோடு ரசாயன முறையில் பிணைவதில்லை, சும்மா கலந்துதான் இருக்கிறது. பஜ்ஜியின் எண்ணெய் பேப்பரில் இறங்குவதுபோல மெல்ல வெளியே கசியும். கொழுப்புள்ள திரவம் பட்டால் இன்னும் வேகமாகக் கசியும். ரத்தம் அப்படிப்பட்ட திரவம்தான்.

ரத்தப் பை

முன்பு ரத்தத்தைக் கண்ணாடி பாட்டிலில்தான் சேமித்தார்கள். 1950 வாக்கில் கார்ல் வால்டர், வில்லியம் மர்ஃபி என்ற இரு அமெரிக்க டாக்டர்கள் பிளாஸ்டிக் ரத்தப் பையை உருவாக்கினார்கள். உடையாது, கொண்டுபோவது சுலபம், ரத்தத்தின் கூறுகளைத் தனித்தனியாகப் பிரிக்கவும் வசதி. எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றிய கண்டுபிடிப்பு இது.

1970இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஜேகர், ரூபின் இருவரும், பையிலிருந்த டிஇஎச்பி ரத்தத்தில் கலக்கிறது, அங்கிருந்து உடலுக்குள்ளும் போகிறது என்று காட்டினார்கள். 1980இல் வந்த எலி ஆராய்ச்சி இன்னொன்றைச் சொன்னது. சில தாலேட்கள் விந்தகத்தைச் சுருக்குகின்றன, அதுவும் வளர்ந்த எலியைவிடக் குட்டி எலியையே அதிகம் பாதிக்கின்றன.

எவ்வளவு என்பதல்ல, எப்போது என்பதே கேள்வி

2000ஆம் ஆண்டில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் விஞ்ஞானி ஏர்ல் கிரே, சினை எலிகளுக்கு வெவ்வேறு தாலேட்களைக் கொடுத்துப் பார்த்தார். டிஇஎச்பி உட்பட மூன்று வகைகள், பிறந்த ஆண் குட்டிகளின் இனப்பெருக்க உறுப்புகளைக் குறையுள்ளவை ஆக்கின. காரணம், கருவின் விந்தகம் டெஸ்டோஸ்டிரோன் சுரக்கும் அளவு குறைந்ததுதான். ஆண் உறுப்புகள் உருவாகும் அந்தச் சில நாட்களில் ஹார்மோன் குறைந்தால், பிறகு எவ்வளவு சுரந்தாலும் ஈடுகட்ட முடியாது. மனிதக் கருவில் இந்தக் காலம் ஏறக்குறைய 8 முதல் 14 வாரம் வரை என்று கணிக்கிறார்கள்.

அதே ஆராய்ச்சியில் டிஓடிபி என்ற பிளாஸ்டிசைசர் இந்தக் கெடுதலைச் செய்யவில்லை. டிஇஎச்பியில் உள்ள அதே அணுக்கள், அதே எண்ணிக்கை. அமைப்பு மட்டும் வேறு!

எலிக்கு ஆனது மனிதனுக்கும் ஆகுமா? எலிகளுக்குக் கொடுத்த அளவு மிக அதிகம் என்று தொழில்துறை வாதிட்டது. 2005இல் ஷன்னா ஸ்வான் குழுவினர் 85 ஆண் குழந்தைகளை ஆராய்ந்தார்கள். கர்ப்ப காலத்தில் தாயின் சிறுநீரில் சில தாலேட்களின் எச்சம் அதிகமிருந்தால், மகனின் ஆசனவாய்க்கும் பிறப்புறுப்புக்கும் இடையிலான தூரம் குறைவாக இருந்தது. கருவில் ஆண் ஹார்மோன் எவ்வளவு வேலை செய்தது என்பதைக் காட்டும் அளவு இது. 85 பேர் போதாது என்று விமர்சனம் எழுந்தது. ஆனால் பிறகு நடந்த பெரிய ஆய்வு, 2015இல் டிஇஎச்பி விஷயத்தில் அதே திசையைக் காட்டியது. இவை தொடர்பைக் காட்டுகின்றனவே தவிர, அந்தக் குழந்தைகள் வளர்ந்தபின் தந்தையாக முடியாது என்று சொல்லவில்லை.

பொம்மைக்கு முதலில் தடை

1999 டிசம்பரில், குழந்தைகள் வாயில் வைக்கும் பொம்மைகளில் ஆறு தாலேட்களுக்கு ஐரோப்பிய ஒன்றியம் தற்காலிகத் தடை போட்டது. 2005இல் அது நிரந்தரமானது. அமெரிக்கா 2008இல் சட்டம் இயற்றியது. பொம்மையில் மாற்றுப் பொருள் போட்டால் விலை கொஞ்சம் ஏறும், அவ்வளவுதான்.

ஆனால் ரத்தப் பை? இங்கேதான் முடிச்சு. டிஇஎச்பி சிவப்பணுக்களின் சவ்வைப் பலப்படுத்தி, ரத்தம் நீண்ட நாள் கெடாமல் இருக்க உதவுகிறது. எடுத்துவிட்டால் ரத்தம் சீக்கிரம் வீணாகும். 2002இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம், தீவிர சிகிச்சையிலுள்ள ஆண் சிசுக்களுக்கு முடிந்தவரை டிஇஎச்பி இல்லாத கருவிகளைப் பயன்படுத்தச் சொன்னது. கூடவே, அதற்குப் பயந்து சிகிச்சையை நிறுத்த வேண்டாம் என்றும் சொன்னது. பிரான்ஸ் 2015 முதல் குழந்தைகள், சிசுக்கள், பிரசவப் பிரிவுகளில் டிஇஎச்பி டியூப்களுக்குத் தடை விதித்தது. ஐரோப்பா மருத்துவக் கருவிகளுக்குக் கொடுத்த கெடுவோ 2030 வரை நீண்டிருக்கிறது.

ரத்தத்தில் கலக்கிறது என்று தெரிந்தது 1970இல். கெடு முடிவது 2030இல். அறுபது வருடம்!

யாருக்கும் அக்கறை இல்லாததால் மட்டும் இப்படி ஆகவில்லை. ரத்தப் பையின் லாபம் அன்றைக்கே, அதே வார்டில், பிழைத்த குழந்தையாகக் கண்முன் தெரிகிறது. நஷ்டமோ இருபத்தைந்து வருடம் கழித்து, ஒருவேளை, யாரோ ஒருவர் கையிலிருக்கும் பரிசோதனை ரிப்போர்ட்டில் வரும். அது எந்த டியூபால் வந்தது என்று அவரால் காட்டவே முடியாது. பில் அனுப்ப முகவரி இல்லாத செலவை எந்தக் கம்பெனி கணக்கில் எழுதும்? அதனால்தான் அதை எழுதவைக்கச் சட்டம் வர வேண்டியிருக்கிறது.