இட்லிப் பாட்டி கமலாத்தாள்

கமலாத்தாள் கோயம்புத்தூர் மாவட்டம் வடிவேலம்பாளையம் என்னும் சிற்றூரில் ஒரு ரூபாய்க்கு இட்லி விற்று வந்த மூதாட்டி ஆவார். "இட்லிப் பாட்டி" என்று அறியப்படும் இவர் உழவுக் குடும்பத்தைச் சேர்ந்தவர். 2019ஆம் ஆண்டு நாடு முழுவதும் இவரைப் பற்றிய செய்தி பரவியபோது இவருக்கு ஏறத்தாழ எண்பது வயது. அதற்கு முன்பே முப்பது ஆண்டுகளாகக் கடை நடத்தி வந்தார்.

கடையின் தொடக்கம்

வீட்டில் உள்ளவர்கள் விடிந்ததும் தோட்ட வேலைக்குச் சென்றுவிட, பகலில் கமலாத்தாள் தனியாக இருந்தார். ஊரில் இருந்தவர்களில் பலர் நாள் கூலிக்குப் போகிறவர்கள். காலையில் சமைக்க அவர்களுக்கு நேரமில்லை. கடையில் வாங்கிச் சாப்பிடக் காசு போதவில்லை. அவர்களுக்காக வீட்டிலேயே இட்லி சுட்டு விற்கத் தொடங்கினார். பைசாக் கணக்கில் விற்ற இட்லியின் விலை 50 பைசாவாக இருந்து பின்னர் ஒரு ரூபாயானது.

அன்றாட உழைப்பு

அவரது நாள் சூரியன் எழுமுன் தொடங்கும். தோட்டத்துக்குச் சென்று காய் பறித்து வந்து விறகடுப்பில் சாம்பார் வைப்பார், சட்னி அரைப்பார். மாவு முந்தைய நாளே ஆட்டி வைத்தது. நாளுக்கு ஆறு கிலோ அரிசியையும் உளுந்தையும் ஊறவைத்து, ஆட்டுக்கல்லில் ஆட்டி முடிக்க நான்கு மணி நேரம் பிடிக்கும். காலை ஆறு மணிக்குக் கடை திறக்கும். ஒரு ஈட்டுக்கு 37 இட்லிகள். நண்பகல் வரை வியாபாரம் நடக்கும்.

ஒரு ரூபாயின் கணக்கு

பத்து ரூபாயில் வயிறு நிறைந்தால் கூலிக்காரர்கள் மீதியைக் குடும்பத்துக்குச் சேமிக்க முடியும் என்பதே விலையை உயர்த்தாததற்கு அவர் சொன்ன காரணம். செலவு போக நாளுக்கு 200 ரூபாய் அளவில் மிஞ்சுவதாகவும் கூறினார்.

இதே விலையில் அரசும் இட்லி வழங்கியது. 2013ஆம் ஆண்டு சென்னையில் தொடங்கப்பட்ட அம்மா உணவகங்களில் இட்லி ஒரு ரூபாய். அங்கே விலைக்கும் செலவுக்கும் இடையிலான பள்ளத்தைப் பொதுப்பணம் நிரப்பியது. வடிவேலம்பாளையத்தில் அதை நிரப்பியது ஒரு முதிய பெண்ணின் உழைப்பு. கடைக்கு வாடகை இல்லை; வேலையாளுக்குக் கூலி இல்லை; காய் தோட்டத்தில் கிடைத்தது. அவர் ஆட்டுக்கல்லில் செலவிட்ட நான்கு மணி நேரத்துக்கும் யாரும் கூலி கணக்கிடவில்லை. கணக்கிட்டிருந்தால் ஒரு ரூபாய் கட்டுபடியாகியிருக்காது.

புகழும் உதவியும்

2019 செப்டம்பரில் தொழிலதிபர் ஆனந்த் மகிந்திரா விறகடுப்பில் வேலை செய்யும் கமலாத்தாளின் காணொளியைச் சமூக ஊடகத்தில் பகிர்ந்து, எரிவாயு அடுப்பு வாங்கித் தர விருப்பம் தெரிவித்தார். அதைத் தொடர்ந்து பாரத் கேஸ் நிறுவனத்தின் எரிவாயு இணைப்பு கிடைத்தது. கடையுடன் கூடிய வீடு கட்டித் தரவும் ஏற்பாடு செய்யப்பட்டது. 2022ஆம் ஆண்டு மே மாதம் அன்னையர் நாளில் வீடு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது.

இடையில் 2020ஆம் ஆண்டின் பொதுமுடக்கக் காலத்தில் மளிகைப் பொருள்களின் விலை ஏறியது. வேலையிழந்தவர்கள் கடைக்கு வந்தனர். அப்போதும் இட்லியின் விலை ஒரு ரூபாயாகவே இருந்தது.

முக்கியத்துவம்

தமிழகத்துச் சிற்றூர்களிலும் சிறு நகரங்களிலும் பெண்கள் வீட்டுத் திண்ணையில் நடத்தும் இட்லிக் கடைகள் ஏராளம். பெயர்ப்பலகையோ கணக்குப் புத்தகமோ இல்லாததால் அவர்களில் பெரும்பாலோர் எந்த வரலாற்றிலும் இடம்பெறுவதில்லை. கமலாத்தாள் அறியப்பட்டதற்கு ஒரு காணொளி காரணமாயிற்று. அதற்கு முந்தைய முப்பது ஆண்டுகளில் அவரை அறிந்திருந்தவர்கள், அவரிடம் சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போனவர்கள் மட்டுமே.