கோத்தர் இசை: யாருக்காக வாசிப்பது?

நீலகிரியில் கோத்தகிரி எல்லோருக்கும் தெரிந்த ஊர். அந்தப் பெயரில் இருக்கும் கோத்தர் என்ற பழங்குடியினரைத்தான் பலருக்குத் தெரியாது. மலையில் இவர்களுக்கு மொத்தம் 7 ஊர்கள். ஆண்கள் கொல்லு வேலை, தச்சு வேலை செய்தார்கள், வாத்தியம் வாசித்தார்கள். பெண்கள் பானை வனைந்தார்கள்.

அந்தக் காலத்தில் படகர் வீட்டில் சாவு விழுந்தால் கோத்தர் வந்து வாசிக்க வேண்டும். நாதஸ்வரத்துக்கு உறவான 'கொள்', வளைந்த கொம்பு, கூடவே பறைகள். தோடர் சாவுக்கும் இவர்கள்தான். வாசிப்புக்கும், செய்து கொடுத்த அரிவாள், மண்வெட்டிக்கும் சேர்த்துப் படகர்கள் தானியம் அளந்தார்கள். தலைமுறை தலைமுறையாக வந்த உறவு இது.

பிறகு காலம் மாறியது. ரயில் 1899ல் குன்னூருக்கும், 1908ல் ஊட்டிக்கும் வந்தது. உருளைக்கிழங்கும் தேயிலையும் காசைக் கொண்டுவந்தன. மண்வெட்டி கடையிலேயே கிடைத்தது. தானியம் அளக்கும் பழக்கம் தளர்ந்தது.

1930களில் படகரில் சீர்திருத்தம் பேசியவர்கள், "முன்னேறும் சமூகத்துக்குக் கோத்தர் வாத்தியம் எதற்கு?" என்று கேட்டார்கள். பெரியவர்களோ, அது இல்லாமல் சாவுச் சடங்கு எப்படி முடியும் என்றார்கள். இதற்காகப் படகர்களே இரண்டு கட்சியாகப் பிரிந்து மோதிக்கொண்டார்கள்! அந்த ஆண்டுகளில் கோத்தரிடையே ஆய்வு செய்த அமெரிக்க மானுடவியலாளர் டேவிட் மண்டெல்பாம் இதை எழுதி வைத்திருக்கிறார்.

கோத்தர் பக்கம் என்ன நினைத்தார்கள்? அவர்களில் ஆங்கிலம் படித்து ஆசிரியரான சுல்லி என்பவர் இருந்தார். கோத்த ஆண்களின் நீண்ட முடியை வெட்டிக்கொண்டவர். அடுத்தவர் சாவுக்கு வாசிப்பதால்தான் நம்மைத் தாழ்வாகப் பார்க்கிறார்கள், அதை விட வேண்டும் என்பது அவர் கட்சி.

கவனியுங்கள் நண்பர்களே, ஒருவர் தன் அந்தஸ்துக்காக வேண்டாம் என்றார், மற்றவர் தன் மானத்துக்காக வேண்டாம் என்றார். ஒரே பாரம்பரியத்தை இரண்டு பக்கமும் அறுத்தார்கள்.

ஆனால் இசை சாகவில்லை. தங்கள் வீட்டுச் சாவுக்கும், மார்கழி - தை சமயத்தில் வரும் சாமி திருவிழாவுக்கும் கோத்தர்கள் இன்றும் 'கொள்' வாசிக்கிறார்கள், ஆடுகிறார்கள். சினிமா மெட்டின் சாயலில் புதிய சாமிப் பாட்டுகளும் கட்டினார்கள். இவர்கள் இசையைப் பற்றி ரிச்சர்ட் உல்ஃப் ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார்.

"பழைய கலைகள் அழிகின்றன" என்று மேடையில் வருத்தப்படுகிறோம். வாசித்தவன் எந்த இடத்தில் நிற்க வைக்கப்பட்டான் என்று கேட்பதில்லை. தமிழ்நாட்டுச் சமவெளியில் பறைக்கும் இதே கதைதான். சாவுக்கு அடிக்க மாட்டோம் என்று மறுத்தவர்கள் உண்டு. அதே பறையை மேடைக்குக் கொண்டுவந்தவர்களும் உண்டு. கலையை வைத்துக்கொள்வதா விடுவதா என்பதை வாசிப்பவரே முடிவு செய்யட்டும் என்பது என் கருத்து.

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?