அலைக்கு ஒரு பூட்டு!

திண்டுக்கல் பூட்டைத் தெரியாத தமிழர் உண்டா? கள்ளச்சாவி போட்டுத் திருகினாலும் அசையாது. உள்ளே இருக்கிற லிவர் அப்படி! 2019-ல் புவிசார் குறியீடும் வாங்கியாச்சு. ஆனால், லிவரும் இரும்பும் இல்லாமலே ஒரு பூட்டு இருக்கிறது என்றால் நம்புவீர்களா? அது பூட்டுவது வீட்டை அல்ல... அலையை!

குளத்தில் ரெண்டு கல்லை வீசிப் பாருங்கள். அலையின் மேடும் மேடும் சந்தித்தால் உயரும். மேடும் பள்ளமும் சந்தித்தால் காலி! அதே குளத்தில் தாறுமாறாகப் பாறைகள் கிடந்தால்? அலை முட்டிமோதிச் சிதறும். சிதறிய துண்டுகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ள, அலை வெளியே போக முடியாமல் அங்கேயே முடங்கிவிடலாம். எலெக்ட்ரானும் ஓர் அலைதான்; ஒழுங்கில்லாத பொருளுக்குள் அதற்கும் இதே கதி வரும் என்று 1958-ல் சொன்னவர் அமெரிக்காவின் பிலிப் ஆண்டர்சன். 1977-ல் நோபல் பரிசு வாங்கியவர்.

1979-ல் அவரோடு மூன்று பேர் சேர்ந்தார்கள். அதில் ஒருவர் நம் சென்னையில் பிறந்த டி.வி.ராமகிருஷ்ணன்! மெல்லிய கம்பியிலும் தகட்டிலும் துளி ஒழுங்கின்மை போதும், பூட்டு விழுந்துவிடும். கனமான பொருளுக்குத்தான் அது நிறைய வேண்டும் என்றது நால்வர் கணக்கு.

ஒரே சிக்கல். எலெக்ட்ரான்கள் ஒன்றையொன்று தள்ளுமே! அந்தக் கணக்கில் அது சேரவில்லை. தள்ளுமுள்ளை நிறுத்திவைத்துச் சோதிக்கவும் வழியில்லை.

வழி அணுக்களிடம் கிடைத்தது. மைனஸ் 273 டிகிரியை ஒட்டிக் குளிரவைத்தால் சில வகை அணுக்கள் கூட்டமாக ஒரே அலையாகிவிடும். போஸும் ஐன்ஸ்டைனும் 1924-25-ல் போட்ட கணக்கு, 1995-ல் நிஜமானது. 2008-ல் பாரீஸ் அருகே ஒரு குழுவும், இத்தாலியின் ஃப்ளாரன்ஸில் ஒரு குழுவும் லேசர் ஒளியாலேயே மேடு பள்ளம் போட்டு, அணு அலையைப் பூட்டிக் காட்டின. ஃப்ளாரன்ஸ்காரர்கள் காந்தப்புலத்தை மாற்றி, அணுக்களின் தள்ளுமுள்ளை ஏறக்குறைய பூஜ்யமாக்கியிருந்தார்கள்.

2010-ல் அதையே மெள்ளக் கூட்டிப் பார்த்தார்கள். பூட்டு திறந்துகொண்டது! குண்டும் குழியுமான தெருவில் மழைத்தண்ணீர் நிரம்பினால் மேலே சமமாகத் தெரிகிறதல்லவா? அந்த மாதிரிதான். பள்ளத்தில் கூடிய அணுக்கள் ஒன்றையொன்று தள்ளி, பள்ளத்தையே நிரவிவிட்டன. தனித்தனித் தீவுகளாகக் கிடந்தவை இணைந்து ஒரே அலையாகப் பரவின.

அப்படியானால் தள்ளுமுள்ளுதான் எப்போதும் சாவியா? ஒழுங்கின்மை ரொம்ப அதிகமானால், தள்ளிக்கொள்ளும் கூட்டமும் காலாகாலத்துக்கும் பூட்டியே கிடக்குமா? விஞ்ஞானிகளிடையே இன்னும் சண்டை ஓயவில்லை. 1958-ல் போட்ட பூட்டு... திண்டுக்கல் பூட்டைவிடக் கெட்டி!