ஸ்டாண்டர்டு ஹெரால்டும் அதன் பின் அச்சும்

அம்பாசிடர், ஃபியட், ஸ்டாண்டர்டு. நம் அப்பாக்கள் காலத்தில் கார் வாங்க நினைத்தவருக்கு அநேகமாக இந்த மூன்றுதான். முதலாவது கல்கத்தா, இரண்டாவது பம்பாய், மூன்றாவது நம்ம ஊர் சரக்கு. சிதம்பரத்தில் ரயில் ஏறி எழும்பூர் போகும்போது வண்டலூரைத் தாண்டுகிறோமே, அங்கேதான் ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலை இருந்தது. இன்றைய மாணவத் தம்பி தங்கைகளுக்கு வண்டலூர் என்றால் உயிரியல் பூங்காதான் ஞாபகம் வரும். அதில் தப்பில்லை, பூங்கா இருக்கிறது, தொழிற்சாலை இல்லை.

குறிஞ்சிப்பாடியில் என் பெரியப்பா வீட்டுக் கொட்டகையில் பல வருடம் நின்றுபோன ஒரு ஹெரால்டு மார்க் 3 காரின் பின் அச்சைப் பிரித்துச் சேர்த்த அனுபவத்தை மலருக்கு எழுதித் தரும்படி நண்பர்கள் கேட்டார்கள். அனுபவத்தை மட்டும் எழுதினால் பாதிக் கதைதான். அந்த அச்சுக்கு ஒரு சரித்திரம் உண்டு.

இங்கிலாந்தில் கோவென்ட்ரி நகரத்து ஸ்டாண்டர்டு டிரையம்ப் கம்பெனி 1959-ல் டிரையம்ப் ஹெரால்டை வெளியிட்டது. உடலை வரைந்தவர் இத்தாலியர் மிக்கலோட்டி. சாதாரணக் கார்களில் இல்லாத ஒன்று அதன் பின்பக்கத்தில் இருந்தது. சாதாரணக் காரின் பின் அச்சு மாட்டு வண்டி அச்சு மாதிரி. இந்தச் சக்கரத்திலிருந்து அந்தச் சக்கரம் வரை ஒரே குழாய், நடுவில் டிஃபரென்ஷியல். ஹெரால்டில் டிஃபரென்ஷியலைச் சட்டத்தோடு சேர்த்து முடுக்கிவிட்டார்கள். இரண்டு பக்கமும் தனித்தனி அரை அச்சு. ஒவ்வொன்றும் உள்முனையில் ஒரு யு.ஜே. கிராஸில் கீல் போலத் தொங்கி மேலும் கீழும் ஆடும். மேலே குறுக்காக ஒரே ஒரு ஸ்பிரிங் பட்டைக் கட்டு. ஊசல் அச்சு என்று சொல்லலாம்.

இது 1961-ல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில் இங்கே வந்தது. 948 சி.சி. என்ஜின். 1960களின் கடைசியில் நாலு கதவு மார்க் 3 வந்தது. கார் நன்றாகத்தான் இருந்தது. நம்ம சனங்கள் ஏறுகிற விதம்தான் வேறு. பின் சீட்டில் தாத்தா பாட்டியோடு நாலு பேர், டிக்கியில் அரிசி மூட்டை. பாரம் ஏற ஏறப் பின் சக்கரங்கள் மேலே குறுகிக் கீழே விரியும், பிறந்த கன்று காலைப் பரப்பி நிற்பது போல. டயரின் உள்ஓரம் தேயும். வேகமாக வளைவில் திரும்பினால் நேர் எதிர். பின்பக்கம் எழும்பும், வெளிப்பக்கச் சக்கரம் உள்ளே மடியப் பார்க்கும். அமெரிக்காவில் ரால்ஃப் நாடர் 1965-ல் எழுதிய புத்தகத்தில் கோர்வேர் காரைப் பிடித்து உலுக்கியதும் இதே வகை அச்சுக்காகத்தான். நம் மெக்கானிக்குகளுக்கும் இது பிடிக்கவில்லை, வாங்குகிறவர்களுக்கும் பிடிக்கவில்லை.

1970க்குப் பிறகு இங்கிலாந்துத் தொடர்பு அறுந்தது. வண்டலூர்க்காரர்கள் தாங்களே மாற்றி வரைந்து 1972-ல் கெஸல் என்ற காரைக் கொண்டுவந்தார்கள். அதே சட்டம், அதே என்ஜின். ஆனால் ஊசல் அச்சைத் தூக்கிவிட்டு, மாட்டு வண்டி வகை முழு அச்சைப் போட்டார்கள். கோவென்ட்ரி எழுதியதை நம் சாலை பார்த்துத் திருத்தினார்கள் என்பேன். இந்தியப் பொறியாளர்கள் செய்த அந்தத் திருத்தத்துக்கு உரிய மதிப்பு கிடைக்கவில்லை என்பது என் அபிப்பிராயம். கெஸல் கொஞ்சமாகவே தயாராகி 1970களிலேயே முடிந்தது. 1985-ல் வந்த ஸ்டாண்டர்டு 2000-மும் எடுபடவில்லை. 1988-ல் உற்பத்தி நின்றது.

நான் காரைப் பிரித்தபோது இதே கேள்விதான் என் முன்னாலும் நின்றது. கூட இருந்த மெக்கானிக் அண்ணன், "இத எதுக்கு தம்பி கட்டிக்கிட்டு அழுவுற? ஃபியட் அச்சு ஒண்ணு புதுப்பேட்டையில பாத்து மாட்டிடலாம்" என்றார். அவர் சொன்னதில் நியாயம் உண்டு. ஆனால் ஃபியட் அச்சுக்கு நீளவாக்கில் இரண்டு ஸ்பிரிங் வேண்டும். அதைத் தாங்க ஹெரால்டு சட்டத்தில் இடமே இல்லை. வெட்டி வெல்டிங் வைத்தால் அது ஹெரால்டும் ஆகாது, கெஸலும் ஆகாது. பழையதையே சரி செய்வது என்று முடிவெடுத்தேன்.

முதல் மல்லுக்கட்டு ஹப்பைக் கழற்றுவது. சரிவான அச்சு முனையில் சாவி வைத்து ஏற்றி நட்டு போட்டிருக்கிறார்கள், சுத்தியலுக்கு அசையாது. லேத் பட்டறையில் கனமான இரும்புத் தகட்டில் நாலு வீல் போல்ட்டுக்கும் துளை போட்டு, நடுவில் ஒரு தடித்த போல்ட் வைத்துப் புல்லர் செய்துகொண்டோம். இரண்டு நாள் இழுத்து வைத்தபின் துப்பாக்கி வெடித்த மாதிரி சத்தத்தோடு வந்தது. உள்ளே ஊசி பேரிங் நேராக அரை அச்சின் மேலேயே ஓடியதால் அச்சு பள்ளம் விழுந்திருந்தது. பால் பேரிங்குக்கு எண் இருக்கிறது, கடலூரில் கிடைத்தது. யு.ஜே. கிராஸுக்குக் கப் விட்டத்தையும் நீளத்தையும் அளந்து கொண்டுபோய் ஜோடி சேர்த்தேன்.

அரை அச்சு மட்டும் எங்கும் இல்லை. கடைசியில் இங்கிலாந்திலிருந்து வந்தது! ஹெரால்டின் உறவுக்காரனான ஸ்பிட்பயர் அங்கே 1980 வரை ஓடியதால், அந்தக் குடும்பத்துப் பாகங்களை இன்றும் செய்து விற்கிறார்கள். எல்லா வருடத்து அச்சும் பொருந்தாது, பின்னாளில் நீளம் கூட்டிவிட்டார்கள். அளவெடுத்த பிறகே வாங்க வேண்டும். கிரவுன் பினியனை மாற்றவில்லை. பற்களில் நீல மசி தடவிச் சுற்றிப் பார்த்ததில் தடம் நடுவிலேயே விழுந்தது. நம் கல்லூரி லேபில் கற்ற சோதனை அது.

இதில் என்னை உறுத்துவது ஒன்று. வெள்ளைக்காரன் செய்த அச்சுக்கு இன்றும் உதிரிபாகம் கிடைக்கிறது. நாமே செய்த கெஸல் அச்சு கெட்டால் எந்தக் கடையில் போய் கேட்பது? அதன் வரைபடத்தின் ஒரு பிரதியைக்கூட நான் பார்த்ததில்லை.

ஆகையால் மூத்த மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்களில் யாராவது வண்டலூரில் வேலை பார்த்திருந்தால், அல்லது உங்கள் வீட்டில் கெஸல் நின்றிருந்தால், சங்க அலுவலகத்தில் சொல்லிவிடுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பிகள் நாலு பேரோடு வந்து அச்சைப் பிரித்து அளந்து, வரைந்து கொடுக்கிறேன். புல்லர் கொட்டகையில் இருக்கிறது; ஹெரால்டு வைத்திருப்பவர்கள் எடுத்துப் போகலாம், திருப்பித் தந்தால் போதும்.