செஞ்சியாற்றின் மண்ணும் கலங்களில் மலர்ந்த கொடியும்

செஞ்சிக் கோட்டையில் ஆற்காட்டு நவாப் சஆதத்துல்லா கான் 1717–18இல் எழுப்பிய பள்ளிவாசலைக் காணச் செல்லும் மாணவர்கள் நம்மிடம் ஒரு வினாவைத் தொடுப்பதுண்டு: துருக்கி, பாரசீகப் பள்ளிகளை அணிசெய்யும் பூவேலைப் பீங்கான் ஓடுகள் இங்கு ஏன் இல்லை? கருங்கல்லும் சுண்ணச்சாந்துமே இந்நிலத்துக் கொத்தர்களுக்குக் கைவந்தவை என்பது நேரிய விடை. ஆயினும் பீங்கான் கலையின் பாதை நம் கரையைத் தொடாமல் சென்றதில்லை.

செஞ்சியாற்றின் கிளையாறு ஒன்றின் கரையிலேயே அரிக்கமேடு உள்ளது. 1945இல் மார்ட்டிமர் வீலர் அங்கு அகழ்ந்து உரோமானியர் காலக் கலவோடுகளை வெளிக்கொணர்ந்தார். தெற்கே, முஸ்லிம் வணிகர் வாழ்ந்த பெரியபட்டினத்தில் 13, 14ஆம் நூற்றாண்டுச் சீனக் கலவோடுகள் மிகுதியாகக் கிடைத்துள்ளன. அவற்றுள் தளிர்ப்பச்சை நிறத்தனவும் உண்டு. மெருகுப் பூச்சில் சிறிதளவு இரும்பைச் சேர்த்து, சூளையில் காற்றைக் குறைத்துச் சுடும்போது பிறக்கும் பச்சை அது.

கலங்களோடு வடிவங்களும் பயணம் செய்தன. 9ஆம் நூற்றாண்டில் ஈராக்கின் குயவர்கள் சீன வெண்கலங்களைக் கண்டு வெண்மெருகு பூசினர். அதன்மீது கோபால்ட்டு நீலத்தால் இலைகளைத் தீட்டினர். 14ஆம் நூற்றாண்டில் பாரசீகக் கோபால்ட்டு சீனத்தின் ஜிங்தேஜென் சூளைகளை அடைந்தது. அங்கு மலர்ந்த நீலத்தாமரை மேற்கே திரும்பி, 16ஆம் நூற்றாண்டில் துருக்கியின் இஸ்னிக்கில் துலிப் மலர்களோடு கலந்தது.

உருவம் வரைதல் விலக்கப்பட்டதால் வேறு வழியின்றியே முஸ்லிம் கலைஞர் கொடிகளை நாடினர் என்பர் சிலர். இக்கூற்று முழு உண்மையன்று. நிஷாப்பூர், காஷான் நகரங்களின் வீட்டுக் கலங்களில் பறவைகளும் மானிடரும் தாராளமாகக் காணப்படுகின்றனர். உருவம் தீட்டத் தடையற்ற அவ்விடத்திலும் கொடியும் மலரும் செழித்தன. எனவே அவற்றைப் புகலிடம் என்பதைவிடத் தேர்வு என்பதே பொருந்தும்.

அரபியில் சுட்ட மட்கலத்திற்கு ‘ஃபக்கார்’ என்று பெயர். பெருமையைக் குறிக்கும் ‘ஃபக்ர்’ என்னும் சொல்லுக்கும் அதே மூவெழுத்துகளே வேர். மனிதன் அத்தகைய மண்ணினின்றே படைக்கப்பட்டான் என ‘அர்ரஹ்மான்’ அத்தியாயம் உணர்த்துகிறது. பெருமை கொள்பவன் தன் மூலத்தை மறக்கலாகாது.

இன்றும் இக்கலை நமக்கு அயலானதன்று. 1971இல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் புதுச்சேரியில் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் மட்கலக்கூடம் பல கலைஞர்களை உருவாக்கியது. இஸ்னிக்கை வியக்கும் நம் மாணவர், பெரியபட்டினத்துப் பச்சை ஓட்டையும் அறிதல் வேண்டும். ஒன்றைப் புகழ்ந்து மற்றொன்றைக் குப்பையெனக் கருதுவது வரலாற்றுக்கு நாம் இழைக்கும் அநீதியாகும்.