ஆணி இல்லாத சலங்கு

திருப்பனந்தாள்ல உட்கார்ந்துகிட்டு படகு கட்டுறியே என்று வீட்டில் கேட்கிறார்கள். கேள்வி நியாயம்தான். எங்களுக்குத் தெரிந்த தண்ணீர் மண்ணியாறும் கொள்ளிடமும். கடல் பார்க்கணும்னா பூம்புகாரோ தரங்கம்பாடியோ போகணும்.

முதலில் செய்தது ஒரு சாதாரணப் பாய்மரப் படகு மாதிரி. ஏராக்கட்டை, அதன்மேல் வங்குகள், வங்குகளின்மேல் மெல்லிய பலகைப் பட்டைகள். பார்க்க எளிது, ஒட்டினால்தான் தெரியும். படகின் நடுவில் சுற்றளவு அதிகம், அணியத்தில் குறைவு. எல்லாப் பட்டையும் ஒரே அகலத்தில் இருந்தால் முனையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். ஒவ்வொன்றையும் நுனிப் பக்கம் சீவிச் சீவி, ஈரப்படுத்தி வளைத்துத்தான் வைக்கணும். இரண்டு பட்டையை உடைத்த பிறகுதான் எனக்கு இது உறைத்தது.

அடுத்ததாக நம்ம கரைப் படகையே செய்யலாமே என்று தேடியபோதுதான் சலங்கு கிடைத்தது. ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பில் வருமே, அதே சலங்கு. சென்னையில் வெள்ளைக்காரர்கள் மசூலா என்று எழுதியதும் இந்தக் குடும்பத்துப் படகுதான். இதில் நான் கற்றதெல்லாம் தலைகீழ். வங்கே கிடையாது, ஆணியும் கிடையாது. பலகைகளின் ஓரத்தில் வரிசையாகத் துளை போட்டு, இணைப்பின்மேல் நாரோ வைக்கோலோ திரித்து வைத்து, தென்னங்கயிற்றால் தைத்துவிடுவார்கள். இங்கே படகின் உருவத்தைத் தீர்மானிப்பது எலும்புக்கூடு இல்லை, பலகையே.

இரும்பு கிடைக்காததால்தான் கயிறு என்று சிலர் சொல்வதுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. இரும்பு உருக்குவதில் பெயர்பெற்ற நாடு இது. இதே சோழமண்டலக் கரையில் ஆணி அடித்த தோணிகளும் ஓடின. காரணம் அலை. துறைமுகம் வருவதற்கு முன் சென்னையில் கப்பல்கள் தள்ளி நங்கூரமிட்டு நிற்கும். கரைக்கும் கப்பலுக்கும் நடுவே வரிசையாக உடையும் அலைகள். அதில் கப்பலின் சொந்தப் படகு மணலில் மோதினால் பிளந்துவிடும். தைத்த படகு நெளியும், மோதலைக் கயிறு வாங்கிக்கொள்ளும். தண்ணீர் கசியத்தான் செய்யும், அதை இறைத்துக் கொட்ட ஆள் இருப்பான். ஆளுநரானாலும் சிப்பாயானாலும் இந்தப் படகில் ஏறித்தான் கரை சேரணும். கவிழ்ந்தால் காப்பாற்றக் கூடவே கட்டுமரங்கள் வரும்.

மார்க்கோ போலோ ஹோர்முஸில் தைத்த கப்பல்களைப் பார்த்துவிட்டு மட்டமாக எழுதினார். நடுக்கடலுக்கு அவர் சொன்னது சரியாகக்கூட இருக்கலாம். ஆனால் உடையும் அலைக்கு வேறு கணக்கு.

இதை மதித்து அளந்தவர் பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி பிரான்சுவா எத்மோன் பாரி. 1830களில் உலகம் சுற்றிய பயணங்களில் ஊர் ஊராகப் படகுகளை வரைந்தார், புதுச்சேரிச் சலங்கு உட்பட. 1871இல் பாரிஸ் கடற்படை அருங்காட்சியகத்தின் பொறுப்புக்கு வந்த பிறகு, தன் வரைபடங்களிலிருந்து மாதிரிகள் செய்ய வைத்தார். நம்ம மீனவர் கையில் இருந்த கணக்கு, காகிதத்தில் தங்கியது இப்படித்தான். பிறகு சென்னை மாகாண மீன்வளத் துறையில் இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் 1920இல் இந்தியப் படகுகளைப் பற்றி விரிவாக எழுதினார்.

துறைமுகம் வந்தது. கட்டும்போதே 1881 புயல் அதை உடைத்தது, மறுபடி கட்டினார்கள். அதன்பின் பயணிகளுக்கு மசூலா தேவைப்படவில்லை, மீன்பிடிக் கரைகளோடு ஒதுங்கியது. 2025இல் இந்தியக் கடற்படையில் சேர்ந்த கௌண்டின்யா தைத்த கப்பல்தான். அஜந்தா ஓவியத்தைப் பார்த்து வடிவமைத்தது. பழைய வரைபடம் எதுவும் இல்லாததால், சென்னை ஐஐடியில் மாதிரி செய்து தண்ணீரில் சோதித்தார்கள்.

எங்க ஊர்க்காரனுக்குக் கயிறு புதுசில்லை. தாடகை மாலை சாத்தக் குனிந்த லிங்கத்தை யானைகள் இழுத்தும் நிமிர்த்த முடியாமல், குங்கிலியக் கலயர் கழுத்தில் கயிறு கட்டி இழுத்த தலம் இது. என் சலங்குக்குத் தென்னங்கயிறு ரொம்பத் தடிமன். நாரைப் பிரித்து நூலாக முறுக்கிப் பார்க்கிறேன். மூன்று பலகை தைத்தாயிற்று, நான்காவதில் துளை நேராக வரவில்லை.