பி53 என்னும் காவல்காரனும் ஒரு சளி வைரஸும்

சளி, இருமல் தருகிற ஒரு சாதாரண வைரஸைக் கொண்டு புற்றுநோயைக் கொல்லலாம் என்றால் யாருக்கும் சிரிப்புதான் வரும். ஆனால் 1990களில் கலிஃபோர்னியாவில் ஓனிக்ஸ் என்ற சிறு கம்பெனி இதை முழுதாக நம்பியது. அங்கிருந்த விஞ்ஞானி ஃபிராங்க் மெக்கார்மிக்கின் யோசனை அது.

நம் ஒவ்வொரு செல்லிலும் பி53 என்று ஒரு புரதம் உண்டு, 1979ல் கண்டுபிடித்தார்கள். அதைக் காவல்காரன் என்று வைத்துக்கொள்ளுங்கள். செல்லுக்குள் ஏதாவது கோளாறு நடந்தால் அதன் பெருக்கத்தை நிறுத்தும். மீறிப்போனால் செல்லையே சாகவிடும். அடினோ வைரஸ் உள்ளே நுழைந்ததும் முதல் காரியமாக இந்தக் காவல்காரனைக் கட்டிப்போடும். அதற்கென்றே அதனிடம் ஒரு மரபணு இருக்கிறது.

அந்த மரபணுவை வெட்டி எடுத்துவிட்டால்? நல்ல செல்லில் காவல்காரன் இருப்பான், வைரஸ் பிழைக்காது. பல புற்றுநோய்களில் பி53 ஏற்கெனவே கெட்டுப்போயிருக்கும். அங்கே வைரஸ் பெருகி, செல்லை வெடித்துக்கொண்டு வெளியே வரும். எத்தனை அழகான கணக்கு! 1996ல் ‘சயின்ஸ்’ இதழில் இது வெளிவந்தபோது எழுந்த பரபரப்பில் ஆச்சரியமில்லை. அந்த வைரஸுக்கு ஓனிக்ஸ்-015 என்று பெயர்.

இதற்குப் பொருத்தமான நோய் சினைப்பைப் புற்றுநோய். (கருப்பை வேறு, சினைப்பை வேறு. நம் வீடுகளில் எல்லாவற்றையும் ‘கர்ப்பப்பை’ என்றே சொல்லிவிடுகிறோம்.) வயிறு உப்புசம், வாயு என்று நினைத்து நாள் கடத்தும் பெண்கள் பலர், தெரியவரும்போது நோய் வயிறெங்கும் பரவியிருக்கும். இதன் மிகச் சாதாரணமான, கொடிய வகையில் ஏறக்குறைய எல்லாக் கட்டிகளிலும் பி53 மரபணு கெட்டிருக்கிறது. 2011ல் 316 கட்டிகளை ஆராய்ந்ததில் 96 சதவீதம் அப்படி.

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் சோதனை நடந்தது. மற்ற மருந்துகள் பலிக்காமல் நோய் திரும்பிவந்த 16 பெண்கள். வயிற்றுக்குள் குழாய் வைத்து, தொடர்ந்து ஐந்து நாள், மூன்று வாரத்துக்கு ஒருமுறை வைரஸைச் செலுத்தினார்கள். காய்ச்சலும் வயிற்றுவலியும் வந்தன. ஒருவருக்கும் கட்டி தெளிவாகச் சுருங்கவில்லை. முடிவுகள் 2002ல் வெளியாயின. அந்தப் பெண்கள் என்ன எதிர்பார்ப்போடு படுத்திருப்பார்கள் என்பதை ஆய்வுக் கட்டுரைகள் எழுதுவதில்லை.

ஏன் பலிக்கவில்லை? 1998லேயே சில ஆய்வகங்கள், பி53 நன்றாக இருக்கும் செல்களிலும் இந்த வைரஸ் வளர்கிறது என்று காட்டியிருந்தன. 2004ல் கிளோடா ஓஷே, மெக்கார்மிக் குழுவினரே விடை கண்டார்கள். வெட்டி எடுத்த மரபணுவுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. வைரஸின் ஆர்.என்.ஏ.வை செல்லின் உட்கருவிலிருந்து வெளியே கொண்டுசேர்ப்பதும் அதன் பொறுப்புதான். சில புற்றுசெல்கள் அந்த உதவியைத் தாங்களே செய்துகொடுக்கும். அங்கே மட்டும் வைரஸ் செழிக்கும். காவல்காரன் இருக்கிறானா இல்லையா என்பது முக்கியமில்லை, வீட்டுக்குள்ளிருந்து மூட்டையைத் தூக்கிக்கொடுக்க ஆள் உண்டா என்பதே கேள்வி!

ஓனிக்ஸ்-015 அமெரிக்காவில் அனுமதி பெறவேயில்லை. கிட்டத்தட்ட அதன் இரட்டைப் பிறவியான எச்101ஐ 2005ல் சீனா அனுமதித்தது, கீமோதெரபியோடு சேர்த்து, தலை–கழுத்துப் புற்றுநோய்க்கு.